நாற்பதில் ஒருவர்

அட்டவணைத் துறையின் வேலை கட்டம் போடுவது. நாட்டில் எத்தனை பாலங்கள், எத்தனை பல் மருத்துவர்கள், எத்தனை இடக்கைப் பழக்கமுள்ள தபால்காரர்கள் என்று எண்ணி, கட்டத்துக்குள் எழுதி, கட்டு கட்டி, மாடியில் வைத்துப் பூட்டுவார்கள். அந்தக் கட்டுகளை இதுவரை யாரும் கேட்டு வந்ததில்லை. ஆனால் ஒரு கோடு கோணலாகப் போனால் மூன்று பேருக்கு மெமோ வரும்.

அந்த அலுவலகத்தில் நாற்பது பேர். அதில் ஒருவன் எழுத்தர். முப்பத்திரண்டு வயது. மனைவி இறந்து மூன்று வருடம் ஆகிறது. இதைக் கேள்விப்படுகிறவர்கள் தலையை ஒரு பக்கமாகச் சாய்ப்பார்கள். அவர்கள் தலையை நிமிர்த்துவதற்குள் அவன் அடுத்த கட்டத்தை நிரப்பியிருப்பான்.

அவன் தங்கியிருந்தது துறையின் தனியர் விடுதியில். ஒரு அறை, எட்டுக் கட்டில், ஒரு கண்ணாடி. விடுதி விதி நான்கின்படி குழந்தைகளுக்கு வாசல் வரைதான் அனுமதி. அதனால் அவன் மகள் இரண்டு வயதில் சகலை வீட்டுக்குப் போனாள். இப்போது அவளுக்கு ஐந்து முடிந்துவிட்டது. துறையின் குடியிருப்பில் ஒரு வீடு கிடைத்தால் அவளைக் கூட்டி வந்துவிடலாம். அவனுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

சகலைக்கும் அதே அலுவலகம்தான், அடுத்த மேஜை. ஒரு வீட்டில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். மூத்தவளை அவர் கட்டினார், இளையவளை இவன் கட்டினான். அவர் கட்டியவள் இருக்கிறாள். அவனுக்குச் சகலை மேல் பொறாமை. மறைத்து என்ன ஆகப்போகிறது, வயிறு எரியும் அளவுக்குப் பொறாமை. சகலை கெட்டவராக இருந்திருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவர் அதற்கும் வழி வைக்கவில்லை. தினமும் நாலு மணிக்கு அவர் மேஜையில் போன் அடிக்கும். வரும்போது என்ன வாங்கி வர வேண்டும் என்று பட்டியல் வரும். போனை வைத்துவிட்டு அவர் இந்தப் பக்கம் திரும்பி, "நச்சரிப்பு தாங்கலை சகலை. நீ கொடுத்து வச்சவன்" என்பார். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொள்வார். உடனே தன் டிபன் பாக்ஸில் பாதியை நகர்த்தி வைப்பார். அந்தப் பாதியையும் இவன் சாப்பிடுவான். பொறாமைக்குப் பசி உண்டு.

மகள் ஆரம்பத்தில் அவரைத் தெளிவாகப் 'பெரியப்பா' என்றுதான் கூப்பிட்டாள். மூன்று வருடத்தில் முன்பாதி தேய்ந்துகொண்டே வந்தது. இப்போது ஓடி வரும் வேகத்தில் கடைசி இரண்டு எழுத்துதான் காதில் விழுகிறது.

இந்த நிலையில் குடியிருப்பில் நாலு வீடுகள் காலியாயின. குலுக்கல் அறிவித்தார்கள்.

குலுக்கல் என்றால் அட்டவணைத் துறையில் சாதாரண விஷயமில்லை. பணியாளர் அட்டவணையைப் பெரிய தாளில் அச்சடித்து, கத்தரிக்கோல் அம்மா வரிவரியாக வெட்டுவார். அந்த அம்மாளின் பதவிப் பெயர் 'தாள் பிரிப்பாளர் நிலை இரண்டு'. இருபத்தாறு வருடமாக வெட்டுகிறார், ஒரு தடவை கூட கோட்டைத் தாண்டியதில்லை. வெட்டிய சீட்டுகள் ஒரு பழைய சலவை இயந்திரத்தின் உருளைக்குள் போகும். உருளைக்கு இரும்புக் கால், கைப்பிடி, மேலே வெல்வெட் உறை. அதைச் சுற்றும் உரிமை இயக்குநருக்கு மட்டும்தான். ஒரு நிகழ்ச்சிக்கு ஒரு தடவை, இருபத்தொரு சுற்று. சுற்றி முடித்ததும் கைப்பிடிக்கு வெல்வெட்டை மாட்டிவிடுவார்கள். அதற்குப் பிறகு யாராவது கைப்பிடியைத் தொட்டால் அது ஒழுங்கு நடவடிக்கை.

இயக்குநர் சுற்றி முடித்து, கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு பேசினார்.

"நம்ம குலுக்கலோட பெருமை என்ன? முதல் சீட்டுல யார் வந்தாங்கன்னு ரெண்டாவது சீட்டுக்குத் தெரியவே கூடாது. தெரிஞ்சா அது பாரபட்சம். அதனாலதான் எடுத்த சீட்டைத் திரும்ப உள்ளேயே போடறோம். ஒவ்வொரு தடவையும் எல்லாருக்கும் நாற்பதுல ஒண்ணு. வீடு கிடைச்சவருக்கும் நாற்பதுல ஒண்ணு. வீடு கிடைச்சது ஒரு குத்தமா? அதுக்காக அவர் வாய்ப்பைப் பிடுங்கலாமா? நான் இருக்கிற வரைக்கும் விட மாட்டேன்."

கைதட்டினார்கள்.

கண்ணை மூடிக்கொண்டு கையை விட்டு முதல் சீட்டை எடுத்தார். சகலை. சீட்டைப் படித்து, மடித்து, திரும்ப உள்ளே போட்டார். இரண்டாவது வீட்டுக்குக் கையை விட்டார். சகலை. மூன்றாவது வீட்டுக்கும் சகலை. முதல் தடவை பலமாகக் கைதட்டியவர்கள் மூன்றாவது தடவை விரல் நுனியால் தட்டினார்கள்.

எழுத்தர் எழுந்து நின்றான். "ஐயா, ஒரு சந்தேகம்."

"கேளுங்க. சந்தேகம் கேட்கறதுக்குத்தானே நாம இருக்கோம்."

"இவர் ஒருத்தருக்கே மூணு தடவை வர்றது நாற்பது பெருக்கல் நாற்பது பெருக்கல் நாற்பது. அறுபத்து நாலாயிரத்துல ஒண்ணு."

இயக்குநர் முகம் மலர்ந்தது. "அறுபத்து நாலாயிரத்துல ஒண்ணா? எழுதிக்குங்கப்பா, ஆண்டறிக்கையில வரணும். இப்படி ஒரு அபூர்வம் வேற எந்தத் துறையில நடந்திருக்கு?"

"அது இல்லீங்க ஐயா. சீட்டைத் திரும்பப் போட்டா மறுபடி சுத்தணும். நீங்க சுத்தலை. போட்ட சீட்டு மேலாப்புல கிடக்குது. நீங்க மேலாப்புல இருக்கிறதைத்தான் எடுக்கறீங்க. முதல் சீட்டுதான் மிச்ச சீட்டையெல்லாம் முடிவு பண்ணுது."

இயக்குநர் உருளைக்குள் எட்டிப் பார்த்தார். சகலையின் சீட்டு மேலாப்பில் மல்லாந்து கிடந்தது.

"இது பொறாமையில பேசறது" என்றார் இயக்குநர்.

அது உண்மை. அவன் உட்கார்ந்து ஆட்சேபணையை எழுதிக் கொடுத்தான்.

ஆட்சேபணை எழுத்தில் வந்துவிட்டால் துறை அதை மதிக்கும். நாலாவது வீட்டுக்கான குலுக்கல் நிறுத்திவைக்கப்பட்டது. ஆட்சேபணையை ஆராய மூன்று பேர் கொண்ட குழு அமைக்க வேண்டும். தலைவர், செயலாளர், உறுப்பினர். குழுவை யார் தேர்ந்தெடுப்பது என்ற கேள்விக்கே இடமில்லை, உருளை இருக்கிறது. அன்றைய நிகழ்ச்சி இன்னும் முடியாததால் மறுபடி சுற்றவும் விதியில்லை. இயக்குநர் கையை விட்டார். தலைவர், சகலை. செயலாளர், சகலை. உறுப்பினர், சகலை.

சகலைக்கு மூன்று வீடு வந்ததில் அவருக்கே நிம்மதி போய்விட்டது. ஒதுக்கப்பட்ட வீட்டில் ஒதுக்கப்பட்டவர் குடியிருக்க வேண்டும். பல் துலக்கும் பிரஷ் இருக்கிறதா என்று ஆய்வாளர் வந்து பார்ப்பார். எனவே அவர் ஒன்றாம் வீட்டில் முகம் மழித்து, இரண்டாம் வீட்டில் சாப்பிட்டு, மூன்றாம் வீட்டில் தூங்கினார். அவர் மனைவி குழம்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு ஒரு நாளைக்கு ஆறு தடவை மாடி ஏறி இறங்கினாள்.

"மூணுல ஒண்ணுல நீ இருந்துக்கோ சகலை. பாப்பாவோட இரு. யார் கேட்கப் போறா" என்றார் சகலை.

"உள்வாடகைன்னு உங்களைத் தூக்கிடுவாங்க."

"வாடகையே வாங்கலையே."

"அப்ப ஊழல்னு தூக்குவாங்க."

அது ஒரு காரணம்தான். அவர் கையால் ஒரு வீட்டை வாங்கி அதில் மகளை வளர்ப்பதைவிட எட்டுக் கட்டில் அறையே மேல் என்பது இன்னொரு காரணம்.

ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போனபோது மகள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். "அப்பா, பெரியப்பா எனக்கு ஜன்னல் குடுத்தார்."

இரண்டாம் வீட்டின் பின்னறையில் அவளுக்கென்று ஒரு கட்டில் போட்டிருந்தது. ஜன்னல் வழியாகத் தண்ணீர் இறைக்கும் அறையும் அதன் கூரையில் இரண்டு புறாக்களும் தெரிந்தன. அவன் நன்றாக இருக்கிறது என்றான். புறாக்கள்கூட சகலையின் புறாக்களாகத் தெரிந்தன.

குழு கூடியது. கூட்ட அறையில் மூன்று நாற்காலி, மூன்று பெயர்ப்பலகை, மூன்று தேநீர். சகலை முதலில் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்து கூட்டத்தைத் தொடங்கி வைத்தார். பிறகு எழுந்து போய் செயலாளர் நாற்காலியில் உட்கார்ந்து அதைக் குறித்துக்கொண்டார். சாட்சி சொல்ல வந்த எழுத்தர் எந்த நாற்காலியைப் பார்த்துப் பேசுவது என்று தெரியாமல் தேநீரைப் பார்த்துப் பேசினான்.

"எடுத்த சீட்டைத் திரும்பப் போடாதீங்க. அப்பதான் கிடைச்சவருக்கே கிடைக்காது. முதல் சீட்டு போனா மிச்சவங்களுக்கு முப்பத்தொன்பதுல ஒண்ணு. அதுவும் போனா முப்பத்தெட்டுல ஒண்ணு. காத்திருக்கிறவங்களுக்கு வாய்ப்பு ஏறிக்கிட்டே போகும்."

"நியாயமாத்தான் படுது" என்றார் தலைவர். உறுப்பினர் நாற்காலிக்கு நகர்ந்து, "எனக்கும்" என்றார். ஆனால் மூன்று பேரும் ஒரே மாதிரி சொன்னால் கூட்டுச் சதி என்று ஆகிவிடும், விதி பதினேழு. அதனால் செயலாளர் நாற்காலிக்குப் போய்க் கடுமையாக எதிர்த்தார். இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தீர்மானம் நிறைவேறியது. வெளியே வரும்போது சகலை காதோடு சொன்னார்: "அந்தச் செயலாளர் ஆளு சரியில்லை சகலை."

இயக்குநர் தீர்மானத்தைப் படித்தார். ஒரு வாரம் அறைக்குள் இருந்தார். வெளியே வந்தபோது புது மனிதராக இருந்தார்.

"எடுத்த சீட்டைத் திரும்பப் போடற அநியாயத்தை இத்தனை வருஷமா யார் செஞ்சாங்கன்னு தெரியலை. நான் இருக்கிற வரைக்கும் விட மாட்டேன். ஒருத்தர் சீட்டு வெளியே போனா, அது அடுத்தவருக்கு அவர் செய்யற தியாகம். ஒரு சீட்டு இன்னொரு சீட்டை நினைச்சுப் பார்க்கணும். இனிமே இந்தத் துறையில எது எடுத்தாலும் உருளைதான். எடுத்த சீட்டு எடுத்ததுதான். திரும்பாது. நாலாவது வீடு கடைசியில. அவசர வேலைகள் முதல்ல."

கைதட்டினார்கள்.

சீட்டுகள் புதிதாக வெட்டப்பட்டு உருளை நிரம்பியது. அவசர வேலைகள் ஆரம்பமாயின. உருளையைத் துடைப்பவர் யார் என்று எடுத்ததில் சகலை முதலில் போனார். சந்தோஷமாகத் துடைத்தார். மாடித் தண்ணீரைக் குடித்துப் பார்த்துச் சொல்பவர், இயக்குநர் படம் எடுக்கும்போது பின்னால் திரை பிடிப்பவர், சிவப்பு மைக்கும் கறுப்பு மைக்கும் சண்டை வராமல் தனித்தனி அலமாரியில் வைப்பவர் என்று நாளுக்கு ஒருவர் போனார்கள். போனவருக்கு வீடு போனது. திரை பிடிக்கப் போன நிலவரைபடக்காரர் திரைக்குப் பின்னாலேயே அழுதார். அவருக்கு இரட்டைக் குழந்தைகள், ஒற்றை அறை.

எழுத்தர் பெயர் வரவில்லை. இருபது பேர் போனார்கள், அவனுக்கு இருபதில் ஒன்று. முப்பத்து மூன்று பேர் போனார்கள், ஏழில் ஒன்று. அவன் ஒரு தாளில் கட்டம் போட்டு ஒவ்வொரு நாளும் அந்த எண்ணை எழுதி வந்தான். மூன்று வருடத்தில் முதல்முறையாகக் காலையில் எழுந்ததும் எழுந்த மாதிரி இருந்தது.

மற்றவர்கள் முகம் மாறியது. தேநீர் வேளையில் அவன் போய் நின்றால் பேச்சு நின்றது.

"சீட்டுல ஏதோ தடவியிருக்கான்யா, அடியில ஒட்டிக்கிட்டிருக்கு" என்றார் சாவி வைத்திருப்பவர்.

"பொண்டாட்டி செத்தவனுக்கு எதுக்கு ரெண்டு ரூம் வீடு" என்றார் இன்னொருவர். அவன் நிற்பதைப் பார்த்துவிட்டுத் தேநீரில் சர்க்கரை அதிகம் என்றார்.

அவர்கள் கண்ணில் இருந்தது அவனுக்கு நன்றாகத் தெரியும். மூன்று வருடமாக விடுதிக் கண்ணாடியில் பார்த்ததுதான்.

கடைசி நாள் காலையில் இரண்டு பேர் மிஞ்சினார்கள், அவனும் ஆவணக் காப்பாளரும். ஏணி பிடிப்பவர் யார் என்று எடுத்தார்கள். ஆவணக் காப்பாளர். அவர் ஏணியைப் பிடித்துக்கொண்டு அவனைச் சபித்தார். அவன் தாளில் எழுதினான்: ஒன்றில் ஒன்று.

மதியம் வீட்டுக்கான குலுக்கல். மகளைச் சகலை கூட்டி வந்திருந்தார், தலை வாரி, வெள்ளை ஷூ போட்டு. அவள் முன்வரிசையில் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஒரே ஒரு சீட்டுக்காக உருளையை இயக்குநர் இருபத்தொரு சுற்று சுற்றினார். ஒவ்வொரு சுற்றையும் எண்ணினார்கள். கண்ணை மூடிக்கொண்டு கையை விட்டார். துழாவினார். கண்ணைத் திறந்தார். தோள்வரை விட்டுத் துழாவினார்.

"காலி" என்றார்.

கத்தரிக்கோல் அம்மா எழுந்து வந்து பார்த்தார். "முப்பத்தொன்பதுதானே வெட்டினேன். அட்டவணையில முப்பத்தொன்பது வரிதான் இருந்துச்சு."

"மொத்தம் நாற்பதுன்னு போட்டிருக்கே."

"மொத்தம் நாற்பதுதான். வரி முப்பத்தொன்பது. ஒண்ணு கீழே அடிக்குறிப்புல இருக்குது. அடிக்குறிப்பை வெட்டச் சொல்லி உத்தரவு இல்லை."

தாளின் வெட்டாத அடிப்பகுதியைக் கொண்டு வந்தார்கள். ஒரு நட்சத்திரக் குறி. பக்கத்தில், 'ஒருவர். நிலை பின்னர் தெரிவிக்கப்படும்.'

அதைத் தட்டச்சு செய்தவன் அவன்தான். பணியாளர் அட்டவணையில் இரண்டே பத்திகள், மணமானவர், மணமாகாதவர். மனைவி இறந்த மாதம் அட்டவணையைத் திருத்தி எழுதும் வேலை அவனுக்கே வந்தது. மணமானவர் பத்தியிலிருந்து தன்னை எடுத்தான். மணமாகாதவர் பத்தியில் போடப் போனான். கை போகவில்லை. அந்தப் பத்தியில் போட்டால் அப்படி ஒருத்தி இருந்ததே இல்லை என்று ஆகிவிடும். சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்துவிட்டு, கீழே ஒரு நட்சத்திரம் போட்டு அந்த வரியை எழுதினான். நாளைக்குச் சரிசெய்யலாம் என்று நினைத்தான்.

நாற்பதில் ஒன்று, இருபதில் ஒன்று, ஏழில் ஒன்று என்று அவன் எழுதி வந்ததெல்லாம் அடுத்தவர்களின் வாய்ப்பு. திரும்பப் போட்டாலும் போடாவிட்டாலும், சுற்றினாலும் சுற்றாவிட்டாலும், அவனுக்கு இருந்தது பூஜ்யம்.

இயக்குநர் தொண்டையைச் செருமினார்.

"துறை ஒரு தப்பும் செய்யலைங்கறதை எல்லாரும் கவனிக்கணும். அட்டவணைக்குள்ள இருக்கிறவங்களுக்கு நாம எல்லாத்தையும் செஞ்சிருக்கோம். ஒருத்தர் தானாப் போய் அட்டவணைக்கு வெளியே நின்னா, அவரைக் கண்டுபிடிக்கறது நம்ம வேலை இல்லை. அது காவல்துறை வேலை. பெயர் வராததால வீடு காலியா இருக்கும். காலி வீட்டை யாராவது ஆக்கிரமிச்சுட்டா நமக்குத்தான் அவமானம். அதனால விதி முப்பத்தொன்றின்படி காவலர் ஒருத்தர் வேணும். இரவு பகலா அங்கேயே தங்கி, வீடு காலியா இருக்குன்னு உறுதி செய்யணும். காவலரை உருளை தேர்ந்தெடுக்கும்."

"உருளை காலியா இருக்குதுங்களே" என்றார் சாவி வைத்திருப்பவர்.

இயக்குநர் யோசித்தார். அந்த நேரத்தில் கர்ர்ரக் என்று ஒரு சத்தம். கத்தரிக்கோல் அம்மா இருபத்தாறு வருடத்தில் முதல்முறையாக உத்தரவு இல்லாமல் வெட்டினார். நட்சத்திரம் போட்ட துண்டு உருளைக்குள் விழுந்தது.

"இப்ப இருக்குதுங்க ஐயா" என்றார்.

வீட்டுக் குலுக்கல் முடிந்துவிட்டதால் இது புது நிகழ்ச்சி, மறுபடி இருபத்தொரு சுற்று. கண்ணை மூடினார், கையை விட்டார், படித்தார். "ஒருவர். நிலை பின்னர் தெரிவிக்கப்படும்."

கைதட்டினார்கள். ஆவணக் காப்பாளர் ஏணியை விட்டுவிட்டுத் தட்டினார். காவல் வேலைக்கு யார் பொறாமைப்படுவார்கள்?

விதி முப்பத்தொன்றின் உட்பிரிவை அவனே எடுத்துப் படித்தான். காவலர் தம் பொறுப்பில் உள்ளவர்களை உடன் வைத்துக்கொள்ளலாம். அவர்கள் குடியிருப்போராகக் கருதப்பட மாட்டார்கள்.

அடுத்த ஞாயிறு மகளின் பெட்டியைச் சகலைதான் தூக்கி வந்தார். நடுவில் நாற்பது அடி தூரம்கூட இல்லை. ஆனாலும் இரண்டு தடவை பெட்டியைக் கீழே வைத்துக் கை மாற்றினார். பின்னாலேயே அவர் மனைவி தலையணையோடு வந்தாள். புது வீட்டு வாசலில் நின்று, உள்ளே வராமல், இரவில் பாப்பாவுக்கு இடது பக்கம் அணைவாக ஏதாவது வேண்டும், பாலில் ஆடை இருந்தால் குடிக்க மாட்டாள் என்று சொல்லிக்கொண்டே போனாள். அவளுக்குக் குழந்தை கிடையாது.

"நாலு எட்டுல இருக்கு வீடு. இதுக்குப் போய் ஏன்..." என்று மனைவியிடம் சொன்னார் சகலை. பெட்டியை இன்னும் கையிலேயே வைத்திருந்தார்.

மகள் ஒவ்வொரு அறையாக ஓடிப் பார்த்துவிட்டு, "அப்பா, இங்கயும் புறா தெரியுது" என்று கத்தினாள். முழுசாக, முன்னால் எதுவும் தேயாமல் கத்தினாள். சகலை உள்ளே பார்த்தார். பிறகு இவனைப் பார்த்தார்.

"கொடுத்து வச்சவன் சகலை நீ" என்றார். இந்தத் தடவை நாக்கைக் கடித்துக்கொள்ளவில்லை.

அந்த முகம் எழுத்தருக்குத் தெரியும். கண்ணாடியில் பார்த்த முகம், தேநீர் வேளையில் பார்த்த முகம். இது மட்டும் அவர் முகத்துக்கு வர வேண்டும் என்று மூன்று வருடமாக ஆசைப்பட்டிருக்கிறான். வந்துவிட்டது. அவன் பெட்டியை அவர் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்துவிட்டு, "உள்ள வாங்க சகலை, ரெண்டு பேரும். சாப்பிட்டுப் போங்க" என்றான். "காலி வீட்ல விருந்தாளி வரக் கூடாதுன்னு விதி இல்லை."

இப்போது தினமும் காலையில் ஒரு பதிவேட்டில் அவன் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்: 'இவ்வீட்டில் எவரும் குடியில்லை.' அடுப்பில் பால் கொதிக்கும். அவன் எழுதுவான். மகள் ஒரு காலில் ஷூவோடு பக்கத்தில் நின்று பார்ப்பாள். பள்ளிக்கூடத்தில் எழுத்துக் கற்றுக்கொடுத்த பிறகு ஒரு நாள் பேனாவைக் கேட்டு வாங்கி, நாக்கை நீட்டிக்கொண்டு, அவன் கையெழுத்துக்குக் கீழே கோட்டைத் தாண்டி எழுதினாள்.

'நானும் இல்லை. அப்பாவும் இல்லை.'

மாதக் கடைசியில் பதிவேடு இயக்குநரிடம் போனது. கோட்டைத் தாண்டி எழுதியதற்கு மெமோ வந்தது. எழுதியிருந்த விஷயம் சரியாக இருப்பதாகக் குறிப்பிட்டிருந்தார்.